துணி மாதிரி தெரியும் படமும் துணியைச் சொல்லும் படமும்
எண்முறை ஜக்கார்டு நெசவில் வரைபடங்கள்: ஒரு விமர்சனப் பார்வை

சங்க விழா ஒன்றில் நடந்த சின்ன விஷயத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் கை கூப்பியபோது கைக்கடிகாரத்தின் வாரில் ஜரிகை இழை ஒன்று மாட்டிக்கொண்டது. விடுவிக்கப் பார்க்கப் பார்க்க அது நீண்டுகொண்டே வந்தது. கூட்டத்தில் சிரிப்பு. விருந்தினரும் சிரித்து, "தமிழ் என்னை விடமாட்டேன் என்கிறது" என்று அழகாகச் சமாளித்துவிட்டார்.

விழா முடிந்ததும் அந்தப் பொன்னாடையை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி போகுமா? ஒரு மாங்காய்ப் புட்டாவின் நடுவில், ஜரிகை இழை எதற்கும் கட்டுப்படாமல் ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே துணிமேல் கிடந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் மொத்தத் துணியிலும் அதிகமாக மின்னிய இடம் அதுதான். பிழை இருந்த இடமே அழகாகவும் இருந்தது. இந்த முரண்பாட்டைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். பிழைப்புக்காக சூரத் வந்து, ஜக்கார்டு டிசைன் அறைகளில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். கம்ப்யூட்டரில் செய்த டிசைனை தறிக்கு அனுப்புமுன் அதன் கட்டமைப்பு சரியா என்று படங்கள் மூலம் சோதிக்கிற வழக்கம் இப்போது பரவி வருகிறது. அந்தப் படங்கள் எதைச் சரியாகச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்று ஒரு தொழில்காரன் கண்ணால் மதிப்பிட்டுப் பார்க்கிறேன். நெசவு தெரியாத அன்பர்களும் படிக்கவேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்து வருகிறேன்.

கட்டமும் இழையும்

தறியில் நீளவாக்கில் போகிறது பாவு. குறுக்கே போகிறது ஊடை. இங்கே சூரத்தில் தானா, பானா என்பார்கள். பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பாவு மேலேயா, ஊடை மேலேயா? பாவு மேலே என்றால் கட்டத்தைக் கறுப்பாக்கு, ஊடை மேலே என்றால் வெள்ளையாக விடு. இவ்வளவுதான் நெசவின் எழுத்து. கிராப் தாளில் நம் ஊர் டிசைன்காரர்கள் கட்டம் கட்டமாக நிரப்பியதும் இதைத்தான்.

ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறிப் போனால் சாதா நெசவு. ஊடை ஏழு பாவுகளுக்கு மேலே போய் எட்டாவதுக்குக் கீழே நுழைந்தால் எட்டிழை சாட்டின். நுழையும் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் வராமல், ஒவ்வொரு வரிசையிலும் மூன்று அல்லது ஐந்து இழை தள்ளித் தள்ளி வைக்கப்படும். அதனால்தான் சாட்டினில் கட்டுப்புள்ளிகள் கண்ணில் படுவதில்லை, வழவழவென்று இருக்கிறது.

இழை கட்டுப்படாமல் கிடக்கும் நீளத்தை மில்லில் ப்ளோட் என்பார்கள். நான் இங்கே மிதப்பு என்று எழுதுகிறேன். மிதப்பு நீண்டால் இழை நேராகப் படுத்து ஒளியைத் திருப்பி அனுப்பும். துணி பளபளக்கும், கைக்குக் குழைவாக இருக்கும். அதே நீளம் எல்லை தாண்டினால் வளையல் மாட்டும், மோதிரம் மாட்டும், இழை நழுவும், துவைத்தால் துணி வாய் பிளக்கும். ஆக ஜக்கார்டு டிசைன் என்பது எங்கே எவ்வளவு மிதக்கவிடுவது என்கிற கணக்கு.

அட்டையிலிருந்து கோப்புக்கு

இந்தக் கணக்கை இயந்திரத்துக்குச் சொல்லித்தரும் முயற்சி பிரான்சில் லியோன் நகரப் பட்டு நெசவில் பிறந்தது. 1725-இல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். 1728-இல் பால்கோன் அதை அட்டைகளாக்கினார். இவற்றையெல்லாம் சேர்த்து நடைமுறைக்கு வரும்படி 1804-இல் செய்துகாட்டியவர் ஜோசப் மரி ஜக்கார்டு. ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு அட்டை. துளை இருந்தால் கொக்கி பாவைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது.

1839-இல் அதே லியோனில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். சுமார் 24,000 அட்டைகள் அதற்குத் தேவைப்பட்டன. பார்த்தவர்கள் அச்சிட்ட செதுக்குப் படம் என்றே நினைத்தார்கள். கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் ஒரு பிரதியை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். துணி என்று தெரியாத அளவுக்குத் துணி நெய்ததுதான் அதன் புகழ்.

1983-இல் மிலான் ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் காட்டியது. அட்டை போயிற்று, கோப்பு வந்தது. கிராப் தாள் போய்த் திரை வந்தது. இதில் லாபம் எவ்வளவோ இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நஷ்டமும் உண்டு. கட்டம் கட்டமாகக் கையால் நிரப்புகிறவர் ஒவ்வொரு கட்டுப்புள்ளியையும் தொட்டுத்தான் கடந்தாக வேண்டும். வரிசையாக முப்பது கட்டம் வெள்ளையாகக் கிடந்தால் கையே நின்றுவிடும். அட்டை குத்துகிறவர் கண்ணில் இன்னொரு தடவை படும். இன்று அந்த இரண்டு கண்ணும் வேலையில் இல்லை. மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் பூ முழுக்கச் சாட்டின் நிரம்பிவிடுகிறது.

அளவையும் பாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலை, அங்குலத்துக்கு 80 ஊடை என்றால் சுமார் 17,300 ஊடை. 2,688 கொக்கி ஜக்கார்டில் திரும்பவராத டிசைன் போட்டால் நான்கரைக் கோடிக்கு மேல் கட்டங்கள். எந்தக் கண் இதைச் சரிபார்க்கும்? தரவைப் படமாக்கிப் பார்க்கும் தேவை இங்கேதான் வருகிறது.

ஒரு துப்பட்டாவின் கதை

2016-இல் நான் வேலை பார்த்த ஒரு கூடத்தில் நடந்தது. ஜரிகைப் பூப்போட்ட துப்பட்டா ஆர்டர். பூவில் சின்னச் சின்ன இதழ்கள். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு பாவு அகலம். அவ்வளவு சின்ன இடத்துக்குள் கட்டுப்புள்ளி வைத்தால் பூ அழுக்காகத் தெரியும் என்று இதழ்களை அப்படியே மிதக்கவிட்டிருந்தோம். இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம் அகலமுள்ள கோடு. பார்ப்பவருக்கு அது வெறும் ஓரக்கோடு. உண்மையில் ஜரிகையைப் பிடித்துவைத்திருந்தது அந்தக் கோடுதான்.

வாடிக்கையாளர் பூவைக் கொஞ்சம் சிறிதாக்கச் சொன்னார். டிசைனைச் சுருக்கியபோது ஒரு கட்டக் கோடு சில இடங்களில் காணாமல் போனது. மூன்று இதழ்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஜரிகை 30 பாவு தாண்டி மிதந்தது. அங்குலத்துக்கு 60 பாவு உள்ள துணி அது. முப்பது பாவு என்றால் அரை அங்குலம்.

திரையில் துணி எப்படி வரும் என்று காட்டும் மாதிரிப்படம் ஒன்று உண்டு. இழையின் நிறம், நிழல், மினுக்கு எல்லாம் சேர்த்து, போட்டோ எடுத்த மாதிரியே காட்டும். அதில் அந்தப் பூ எப்படித் தெரிந்தது தெரியுமா? முன்னைவிடப் பிரமாதமாக! மிதப்பு நீண்டதால் தங்கமாக ஜொலித்தது. "இதுதான் வேண்டும்" என்று வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

சரக்கு போன இரண்டே மாதத்தில் இழை இழுத்துக்கொண்டு திரும்பிவந்தது. பழி யார்மேல் விழுந்தது? தறி ஓட்டியவர்மேல். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து, நம்மைப்போலவே பிழைக்க வந்த மனிதர். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. ஊடை சரியாக அடிபடவில்லை, இழுவிசை சரியாக வைக்கவில்லை என்று சொல்லிக் கூலியில் பிடித்துவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "பானா ஒழுங்காத்தான் விழுந்தது, பாய். நீங்க டிசைனைக் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் பார்த்தது அடுத்த வாரம்தான். மிதப்பின் நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் கொடுத்துப் பார்த்தேன். துணியில் இழுத்துக்கொண்ட இடங்களிலெல்லாம் படத்தில் சிவப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. படத்தை அச்செடுத்து சேட்டிடம் காட்டியபிறகு பிடித்த கூலி திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த மனிதர் அதற்குள் வேறு கூடத்துக்குப் போய்விட்டிருந்தார். சொல்லியனுப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

கண்ணுக்கு அழகாகக் காட்டுவதற்கென்று செய்த மாதிரிப்படம், எங்கே பிழையோ அங்கே கூடுதலாக அழகு காட்டுகிறது. இது அந்த மென்பொருளின் கோளாறு இல்லை. அதன் இயல்பே அது. விற்பனைக்கு அந்தப் படம் சரி. சோதனைக்கு அது உதவாது. 1839-இல் துணி படமாக வேஷம் போட்டது. இன்று படம் துணியாக வேஷம் போடுகிறது. சோதிக்கிற படம் துணி மாதிரி இருக்கவே கூடாது என்பது என் முதல் முடிவு.

மிதப்பு வரைபடம்: நிறையும் குறையும்

நான் மேலே சொன்ன மாதிரி, ஒவ்வொரு கட்டத்தையும் அது சேர்ந்திருக்கும் மிதப்பின் நீளத்தைவைத்து நிறமாக்குவதை மிதப்பு வரைபடம் எனலாம். நீண்ட மிதப்பைத் தேடிக் காட்டும் வசதி இன்றைய ஜக்கார்டு மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. இதன் பெரிய பலம், இடத்தைச் சொல்வது. 'எத்தனை' என்பதோடு 'எங்கே' என்பதும் தெரிகிறது. சாட்டின் தனித்தனியாகச் சரியாக இருந்தும் இரண்டு பகுதி சந்திக்கும் ஓரத்தில் பிழை வருவது இதில் பளிச்சென்று தெரியும். ஒரு இதழுக்கு மூன்று தாவல், அடுத்த இதழுக்கு ஐந்து தாவல் என்று எட்டிழை சாட்டினை வைக்கிறோம். ஒளி வேறுமாதிரி விழுமே என்று. இரண்டிலும் மிதப்பு ஏழுதான். ஆனால் ஓரத்தில் இந்தப் பக்கத்து ஏழும் அந்தப் பக்கத்து ஏழும் சேர்ந்தால் 14 வரை போகலாம். சாட்டினை மட்டும் பார்த்தால் இது தெரியாது. வரைபடத்தில் ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

குறைகளையும் சொல்லவேண்டும். முதலாவது, பெரும்பாலும் நீளத்தை இழை எண்ணிக்கையில்தான் காட்டுகிறார்கள். 14 பாவு மிதப்பு என்றால் என்ன அர்த்தம்? அங்குலத்துக்கு 120 பாவு உள்ள பட்டில் அது 3 மில்லிமீட்டர்கூட இல்லை. அங்குலத்துக்கு 40 பாவு உள்ள திரைச்சீலையில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். வளையலுக்கு எண்ணிக்கை தெரியாது, மில்லிமீட்டர்தான் தெரியும். பாவு வழி மிதப்பும் ஊடை வழி மிதப்பும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒரே நீளம் ஆகாது. பழைய கிராப் தாள்களைப் பாருங்கள்: பாவுக்கும் ஊடைக்கும் உள்ள விகிதத்துக்குத் தகுந்தபடி கட்டங்களின் வடிவமே மாறியிருக்கும். அங்குலத்துக்கு 120 பாவு, 80 ஊடை உள்ள துணிக்குச் சதுரக் கட்டத்தில் வட்டம் வரைந்தால், நெய்தபிறகு அது ஒன்றரை மடங்கு உயரமான முட்டையாகிவிடும். தாளில் இருந்த அந்த அறிவு, புதிய வரைபடங்கள் பலவற்றில் விட்டுப்போயிருக்கிறது.

இரண்டாவது, நிறம். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானவில்லை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் கண் முதலில் போவது மஞ்சளுக்கு. அதுதான் வெளிச்சமான நிறம். அளவிலோ மஞ்சள் நடுத்தரம். ஆபத்து சிவப்பில் இருக்க, பார்வை மஞ்சளில் மேய்கிறது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண் உள்ளவர்களும் நம்மிடையே உண்டு. ஒரே நிறத்தில் வெளுப்பிலிருந்து கருமைக்குப் போகிற படிவரிசையே இதற்குப் போதும். தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டியதற்கு மட்டும் தனி நிறம் கொடுக்கலாம்.

மூன்றாவது, சுருக்கம். மேலே சொன்ன நான்கரைக் கோடிக் கட்டங்களை 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையில் முழுதாகக் காட்டினால், ஒரு புள்ளிக்குள் 22 கட்டங்களுக்கு மேல் அடைபடுகின்றன. மென்பொருள் அவற்றின் சராசரியை எடுத்தால், ஒரே ஊடையில் ஓடும் மெல்லிய சிவப்புக்கோடு கரைந்து வெளிறிவிடும். முழுச் சேலையும் சுத்தமாகத் தெரியும். பிழை இருக்கும், படத்தில் இருக்காது. சுருக்கிக் காட்டும்போது அந்தப் புள்ளிக்குள் இருப்பதில் மிக மோசமானது எதுவோ அதைத்தான் காட்டவேண்டும். இப்படி ஒரு வரி விதி, ஆனால் இதைக் கேட்டு வாங்கும் டிசைன்காரர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

நான்காவது, பின்பக்கம். துணிக்கு இரண்டு முகம். புட்டாவுக்குத் தனி ஊடை போடும்போது பூ இல்லாத இடமெல்லாம் அது பின்னால்தான் ஓடுகிறது. சில துணிகளில் அதைக் கத்தரித்துவிடுவார்கள். கத்தரிக்காமல் விட்டால் உடுத்துகிறவர் கால்விரல் கொலுசோடு அதில் சிக்கும். முன்பக்க வரைபடத்தை மட்டும் வைத்து "சரி" சொல்வது, வீட்டின் வாசலை மட்டும் பார்த்துப் பெண் கொடுக்கிற மாதிரி.

சராசரி செய்யும் மாயம்

படம் எதற்கு, ஒரு எண் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. சராசரி மிதப்பு இவ்வளவு, கட்டுப்புள்ளி இவ்வளவு என்று சொல்லிவிட்டால் முடிந்ததே என்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

40 பாவு அகலம். முதல் டிசைனில் ஊடை நாலு பாவுக்கு மேல் மிதந்து ஒன்றின்கீழ் நுழைகிறது. இப்படி எட்டுத் தடவை. எட்டு மிதப்பு, எட்டுக் கட்டுப்புள்ளி, சராசரி மிதப்பு 4. இரண்டாவது டிசைனில் ஏழு மிதப்புகள் இரண்டிரண்டு பாவு. எட்டாவது மிதப்பு மட்டும் 18 பாவு. இதிலும் எட்டு மிதப்பு, எட்டுக் கட்டுப்புள்ளி, சராசரி அதே 4. மேலே தெரியும் ஊடையின் அளவும் இரண்டிலும் 32 கட்டம்தான். எந்த மொத்த எண்ணை எடுத்தாலும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று உடுத்தலாம், இன்னொன்று முதல் நாளே மாட்டும்.

புள்ளியியலில் இது தெரிந்த சங்கதிதான். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கூம் நான்கு தரவுத் தொகுப்புகளைக் கொடுத்தார். சராசரி முதலிய எண்கள் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே, படமாகப் போட்டால் நான்கும் நான்கு மாதிரி. எண்ணை நம்புமுன் படம் போடு என்பதே அவர் சொன்னது.

ஆனால் படம் போட்டால் மட்டும் போதாது, எப்படிப் போடுகிறோம் என்பதும் இருக்கிறது. மிதப்புகளை நீளவாரியாக எண்ணிக் கம்பங்களாக நிறுத்துவது வழக்கம். நம் இரண்டாவது டிசைனில் நீண்ட மிதப்பு எட்டில் ஒன்று. ஒரு முழுத் துப்பட்டாவில் லட்சக்கணக்கான சின்ன மிதப்புகளுக்கு நடுவே இப்படிச் சில நூறு இருந்தால், அந்தக் கம்பம் தரையோடு தரையாகிவிடும். எண்ணிக்கைக்குப் பதிலாக, எவ்வளவு இடத்தை அது அடைத்திருக்கிறது என்று போட்டுப் பாருங்கள்: அதே நீண்ட மிதப்பு 32 கட்டத்தில் 18, அதாவது பாதிக்கு மேல்! ஒரே தரவு, இரண்டு கம்பப்படம், இரண்டு தீர்ப்பு. படம் போட்டவர் எதை எண்ணினார் என்று கேட்காமல் படத்தை நம்பக்கூடாது.

தறியின் பக்கமிருந்து ஒரு படம்

இன்னொரு படத்துக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பாவு இழையும் மேலும் கீழும் எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணி, துணியின் அகலம் நெடுக ஒரு கோடாக வரைவது. எட்டு ஊடைக்குள் சாதா நெசவில் பாவு எட்டுத் தடவை மாறும். எட்டிழைச் சாட்டினில் இரண்டே தடவை. நாலு மடங்கு வித்தியாசம். அதிகம் வளைகிற இழை அதிக நூலை உண்ணும். எல்லாப் பாவும் ஒரே உருளையிலிருந்து வந்தால், அதிகம் உண்ணும் இழை விறைத்து அறுபடும். குறைவாக உண்பது தொய்ந்து சுருங்கும்.

இந்தக் கோட்டில் திடீர் மேடும் பள்ளமும் இருந்தால், தறிக்காரருக்கு அந்த இடத்தில் தொல்லை காத்திருக்கிறது என்று அர்த்தம். கட்டமைப்பை மாற்றலாம், அல்லது அந்தப் பகுதிக்குத் தனி உருளை வைக்கலாம். மிதப்பு வரைபடம் உடுத்துகிறவருக்காக. இந்தக் கோடு தறி ஓட்டுகிறவருக்காக. முதலாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகம். இரண்டாவதைக் கேட்பவர் யாருமில்லை. பாவு அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் மீட்டர் குறையும், மீட்டர் குறைந்தால் கூலி குறையும். டிசைன் அறையில் இருப்பவனுக்கு மாதச் சம்பளம். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

படத்துக்கு எட்டாதவை

நான் படங்களின் வக்கீல் இல்லை. இவையெல்லாம் கோப்பிலிருந்து பிறந்தவை, துணியிலிருந்து அல்ல. கோப்பில் இழை என்றால் ஒரு கட்டம். நிஜத்தில் இழைக்குத் தடிமன் உண்டு, முறுக்கு உண்டு, குணம் உண்டு. பருத்தி இழையில் மேலே சிலும்பு இருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் தொடரிழை வழுக்கும். ஒரே 14 பாவு மிதப்பு ஒன்றில் தாங்கும், மற்றதில் தாங்காது. நெய்தபின் சாயம், சூடு, சுருக்கம் என்று துணி எத்தனையோ கடக்கிறது. தறியிலிருந்து இறங்கிய துணியை இழை எண்ணும் கண்ணாடி வைத்துப் பார்த்து, கோப்பில் எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிடாதவரை வரைபடம் ஒரு ஜாதகம்தான். நடந்ததா இல்லையா என்று பார்க்கவேண்டும்.

ஆரணியில் எங்கள் அப்பா துணியை அறுத்து எடுத்தவுடன் முதலில் புரட்டுவார். கட்டைவிரல் நகத்தைப் பின்பக்கம் குறுக்கே ஓட்டுவார். "இன்னிக்கு என் நகம் மாட்டினா, நாளைக்கு ஒருத்தி வளையல் மாட்டும்டா" என்பார். இழை எண்ணிக்கையா மில்லிமீட்டரா என்ற குழப்பம் அவருக்கு இல்லை. பின்பக்கத்தை மறக்கவும் இல்லை. சராசரியும் எடுக்கவில்லை, நகம் ஒரு இடத்தில் மாட்டினாலும் மாட்டியதுதான். இன்றைய வரைபடங்களுக்கு நான் மேலே சொன்ன திருத்தங்களை எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் அந்த நகத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஒன்றே ஒன்று அப்பாவால் முடியாதது: துணி நெய்தபிறகுதான் அவருக்குத் தெரியும். வரைபடத்துக்கு நெய்யுமுன்னே தெரிகிறது. அந்த ஒரு லாபத்துக்காகவே இவற்றைக் கற்கவேண்டும் என்கிறேன்.

யார் பார்க்கவேண்டும்?

கடைசியாக ஒன்று. இந்தப் படங்கள் டிசைன் அறையின் கம்ப்யூட்டரிலேயே பிறந்து அங்கேயே மூடப்படுகின்றன. விளக்கக் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில். கீழே தறிக்கூடத்தில் ஒடியா பேசுகிறவர், போஜ்புரி பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு மொழி கிடையாது. வெளுப்பிலிருந்து கருமைக்குப் போகும் நிறவரிசைக்கும் கிடையாது. ஓரத்தில் ஒரு வளையலின் படமும் அருகில் நீள அளவும் போட்டுவிட்டால், இது மாட்டும் என்று யாருக்கும் புரியும்.

என் யோசனை சின்னதுதான். டிசைனோடு மிதப்பு வரைபடத்தையும் பாவுக் கோட்டையும் முன், பின் இரண்டு பக்கத்துக்கும் அச்செடுத்து, தறியின்மேல் தொங்கவிடவேண்டும். தறி ஓட்டுகிறவர் நெய்யத் தொடங்குமுன் பார்க்கட்டும். "இந்த இடம் நிற்காது பாய்" என்று சொல்ல அவருக்கு ஒரு காகிதம் கையில் இருக்கட்டும். துணி திரும்பிவந்தால் பிழை தறியிலா கோப்பிலா என்று அந்தக் காகிதத்தை வைத்துப் பேசலாம். கூலியில் பிடிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். 2016-இல் அந்தக் காகிதம் அவர் தறியில் தொங்கியிருந்தால், அவர் என்னைத் தேடி மாடிப்படி ஏறியிருக்கவேண்டியதில்லை.

அடுத்த விழாவுக்குப் பொன்னாடை வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தால், கடையில் முதலில் அதைப் புரட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அன்பர்களும் அப்படியே செய்யுங்கள். நகத்தை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.